செத்தவர்கள் நிற்கும் தொகுதி

2024 அக்டோபர் 27 அன்று நடிகர் விஜய் தன் கட்சியின் முதல் மாநாட்டை விக்கிரவாண்டி வி.சாலையில் நடத்தினார். பெரியார், காமராஜர், அம்பேத்கர், வேலுநாச்சியார் என்று வானத்தை முட்டிக்கொண்டு நின்ற கட்-அவுட்டுகளோடு இன்னொரு அம்மாளும் நின்றார். அன்று சாயங்காலம் தமிழ்நாடே செல்போனில் தேடியது, யார் இந்த அஞ்சலையம்மாள் என்று. மதுரையிலும் கோவையிலும் தேடியதில் வியப்பில்லை. கடலூர் முதுநகரிலும் தேடினார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் என்ற முறையில் என்னிடமும் கேட்டார்கள்.

"உங்க ஊர் அம்மாதான்டா. இங்கேயே பொறந்தவங்க" என்றேன்.

"அப்படியா சார்! எந்தத் தெரு?" என்றான், தலைமுறை தலைமுறையாகத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் வீட்டுப் பையன்.

1890-ல் முதுநகரில் பிறந்தவர். 1927-ல் சென்னையில் நீல் துரை சிலையை எடுக்கச் சொல்லி நடந்த போராட்டத்துக்கு, ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சிறைப்பட்டவர். காந்தி அந்தக் குழந்தையைத் தன் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டு லீலாவதி என்று பெயர் வைத்தார். 1934-ல் காந்தி கடலூர் வந்தபோது அஞ்சலையம்மாளைச் சந்திக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட, இவர் பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக எங்கள் ஊரில் சொல்வார்கள். 1937-ல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946-ல் மறுபடியும்.

சட்டசபையில் அவர் எத்தனை மணி நேரம் பேசினார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. வெட்டிய வாய்க்கால் மட்டும் இருக்கிறது. பரங்கிப்பேட்டைப் பக்கம் தீர்த்தாம்பாளையத்தில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில், வீராணத்துத் தண்ணீரைக் கிளை வாய்க்கால் வெட்டித் திருப்பிக் கொண்டுவந்தார். அதற்கு அஞ்சலை வாய்க்கால் என்று ஊர்க்காரர்களே பேர் வைத்துக்கொண்டார்கள். கல்வெட்டு கிடையாது, ரிப்பன் வெட்டு கிடையாது.

இன்றைக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். அதில் ஒரு நிழற்குடை கட்டினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நெற்றியில் எம்.எல்.ஏ. பெயர், பக்கவாட்டில் எம்.எல்.ஏ. பெயர், பின்னால் வயல்வெளியைப் பார்த்தபடி இன்னொரு முறை எம்.எல்.ஏ. பெயர். ஊர்ப் பெயர் எங்கே என்று தேடினால், தூணின் கீழே, நாய் படுத்திருக்கும் உயரத்தில் இருக்கும். அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும் நடத்தை விதிகளின்படி அந்தப் பெயர்களின் மேல் தாள் ஒட்டுவார்கள். அந்த நாற்பது நாள்தான் நிழற்குடை நிழற்குடையாக மட்டும் இருக்கும்.

எனக்கு எம்.எல்.ஏ.க்களைக் கீழிருந்துதான் தெரியும். பஞ்சாயத்து யூனியன் பள்ளி ஆசிரியனுக்கு இரண்டு தலைவிதி: ஒன்று மக்கள்தொகைக் கணக்கு, இன்னொன்று தேர்தல் வேலை. ஆனால் என் தேர்தல் ஞானம் அதற்கும் முன்னால், சிதம்பரத்தில் என் அம்மாவைப் பெற்ற பாட்டியிடம் ஆரம்பித்தது.

1952, 1957 தேர்தல்களில் ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்தும் வேலையே கிடையாது. ஆளுக்கு ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும், உங்கள் ஆளின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியது. சிதம்பரம் அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்குப் பொது உறுப்பினர் ஒருவர், தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கிய இடத்தில் ஒருவர். வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. 1957-ல் பாட்டி இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லையாம். எட்டிப் பார்த்தால் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். "சாமியார் பெட்டியாச்சே, சும்மா வந்துட முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்தச் சாமியார் சுவாமி சகஜானந்தா. 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கிப் பள்ளிக்கூடம் கண்டவர். 1926-லிருந்தே சென்னை சட்டசபையில் உட்கார்ந்து, பொதுக் கிணற்றுக்கும் பொதுப் பாதைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கேட்டுக்கொண்டே இருந்தவர். 1957-ல் அவரோடு ஜெயித்த இன்னொரு உறுப்பினர் வாகீசம் பிள்ளை. 1959 மே மாதம் முதல் தேதி, உறுப்பினராக இருக்கும்போதே சகஜானந்தா காலமானார். காவி கட்டியவர் ஓட்டுக் கேட்டு வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்ட காலம் அது. இன்று எந்தக் கட்சிக்கு என்று கேட்கிறோம்.

இனி ராமசாமிப் படையாட்சி. எங்கள் மாவட்டத்து அரசியலை ஒரே ஆளை வைத்துச் சொல்ல வேண்டுமானால் அவர்தான். 1951-ல் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியை ஆரம்பித்தார். அடுத்த வருஷமே சட்டசபையில் 19 இடம். தென்னார்க்காட்டில் காங்கிரஸ் பெட்டிகள் காற்று வாங்கின. மொத்தம் 375 பேர் உட்காரும் சபையில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. அந்தத் தேர்தலில் தி.மு.க. நிற்கவில்லை, திராவிட நாட்டுக் கோரிக்கைக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவர்களுக்கு ஆதரவு கொடுத்தது. உழைப்பாளர் கட்சி, மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சி எல்லாம் அப்படித்தான் மேடை ஏறின. தேர்தல் முடிந்த கையோடு நாயகர் ராஜாஜி மந்திரிசபையில். 1954-ல் படையாட்சி காமராஜர் மந்திரிசபையில். கொஞ்ச நாளில் கட்சியையே மூட்டை கட்டிக் காங்கிரசில் கரைத்துவிட்டார்.

இத்தனை பேர் அணி மாறியபோதும் ஒருவரையும் யாரும் எங்கேயும் அடைத்துவைக்கவில்லை என்பதைத்தான் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை. அவரவர் ரயில் ஏறி அவரவர் வீட்டுக்குப் போய், ஊர் திண்ணையில் உட்கார்ந்து "ஆமாம், மாறிட்டோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. அதன் முழுப் பலன் 2017 பிப்ரவரியில் தெரிந்தது: எம்.எல்.ஏ.க்கள் பஸ் பஸ்ஸாகக் கூவத்தூர் கடற்கரை விடுதிக்குப் போனார்கள். இங்கே ஒரு ஊரில் தங்கள் எம்.எல்.ஏ.வைக் காணவில்லை என்று விளையாட்டாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். அதற்கு முந்தைய ஆறு மாதமும் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால், எதற்கு இந்தத் திடீர் பாசம் என்று எனக்குப் புரியவில்லை.

படையாட்சி 1980-லும் 1984-லும் திண்டிவனத்திலிருந்து மக்களவைக்குப் போனார், 1992-ல் காலமானார். அதற்குப் பிறகுதான் அவருடைய செல்வாக்கு வளர ஆரம்பித்தது. 2019-ல், அவர் ஒருநாளும் சேராத அ.தி.மு.க. ஆட்சி, சட்டசபையில் அவர் படத்தைத் திறந்தது. அதே வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மணிமண்டபம். பிறந்தநாள் அரசு விழா. உயிரோடு இருந்தபோது ஒரு கட்சியை நடத்த அவர் பட்ட பாடு என்ன, இப்போது எல்லாக் கட்சியும் அவர் சிலைக்கு மாலை போட முந்தும் வேகம் என்ன! சிதம்பரத்தில் சகஜானந்தாவுக்கும் மணிமண்டபம் இருக்கிறது. முதுநகர் காந்தி பூங்காவில் அஞ்சலையம்மாளுக்குச் சிலை. காட்டுமன்னார்கோயில் மண்ணின் மைந்தர் எல். இளையபெருமாள் 1952-லேயே மக்களவைக்குப் போனவர். தீண்டாமையை ஆராய 1965-ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர். 1969-ல் அவர் கொடுத்த அறிக்கை இந்தியாவையே உலுக்கியது. அவர் சட்டமன்றத்துக்குள் நுழைய 1980-ல் சென்னை எழும்பூரில் போய் நிற்க வேண்டியிருந்தது. இன்று அவரும் எங்கள் ஊர்க்காரர் என்று எல்லா மேடையிலும் முழங்குகிறார்கள்.

ஆக எங்கள் மாவட்டத்தில் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு இரண்டு தேர்தல். முதலாவதில் அவர் ஓட்டுக் கேட்பார். இரண்டாவது அவர் போன பிறகு வரும். அதில் அவரை வைத்து மற்றவர்கள் கேட்பார்கள். இரண்டாவது தேர்தலுக்கு டெபாசிட் கூட வேண்டாம்.

டெபாசிட் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் தேர்தலிலிருந்து நெடுங்காலம் சட்டசபைக்கு 250 ரூபாய்தான். இப்போது 10,000. செலவு உச்சவரம்பு 40 லட்சம். வேட்பாளர் வாங்கிக் கொடுக்கும் டீ, வடை, பிரியாணி, சால்வை, ஆரத்தித் தட்டு எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகம் விலைப் பட்டியல் போட்டுக் கணக்கு எழுதும். எனக்குத் தெரிந்து விலைவாசியே ஏறாத ஒரே இடம் வேட்பாளர்களின் செலவுக் கணக்கு. கோடிகளில் புழங்குகிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்ளும் தேர்தல், தாளில் எப்படியோ உச்சவரம்புக்குள் அடங்கிவிடுகிறது.

என் முதல் தேர்தல் வேலை 1980 மே மாதம், கொள்ளிடக் கரையோரம் ஒரு ஓட்டுப் பள்ளிக்கூடம். லாரியில் ஏற்றி, பெட்டி, மை, அரக்கு, மெழுகுவர்த்தி, நூல், கோணி ஊசி சகிதம் முந்தின நாள் சாயங்காலமே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மின்சாரம் இல்லை. கர்ணம் அரிக்கன் விளக்கு கொண்டுவந்தார். அந்த வருஷ முடிவுக்குள் எம்.ஜி.ஆர். கர்ணம் பதவியையே ஒழித்துவிடப்போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. இரவுச் சாப்பாடு மணியக்காரர் வீட்டில். காலையில் எதிரெதிராக உட்காரப்போகும் இரண்டு பூத் ஏஜென்டுகளும் எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே சட்டி மீன் குழம்புக்குச் சண்டை போட்டார்கள். அரசியல் சண்டை அவ்வளவுதான்.

இரும்புப் பெட்டிக்குள் காகித முத்திரையைச் செருகி மூடும் வித்தை எல்லோருக்கும் கைவராது. மூடிவிட்டால் உடைக்காமல் திறக்க முடியாது. மூடும் முன் பெட்டி காலி என்று ஏஜென்டுகளுக்குக் கவிழ்த்துத் தட்டிக் காட்ட வேண்டும். ஓட்டுச் சீட்டை முதலில் நீளவாக்கில் மடிக்க வேண்டும், அப்புறம் குறுக்கே. மாற்றி மடித்தால் அம்புக்குறியின் ஈர மை அடுத்த சின்னத்திலும் ஒற்றிக்கொள்ளும், எண்ணுகிற இடத்தில் செல்லாது என்று தூக்கிப் போடுவார்கள். நான் ஒவ்வொருவருக்கும் மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக் காட்டுவேன். ஒரு கிழவனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க வாத்தியாரே, பணம் மடிக்கிற மாதிரி மடிச்சிடறேன்" என்றார். அன்றைக்கு அதற்கு எல்லோரும் சிரித்தோம். அப்போது அது வெறும் உவமைதான்.

2001 தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரம் வந்தது. அரக்கு நாற்றம் போயிற்று, செல்லாத ஓட்டும் போயிற்று. சிதம்பரத்தை ஒட்டிய ஒரு சாவடியில் ஒரு பாட்டி பொத்தானை அமுக்கினாள், பீப் என்று சத்தம் வந்தது. நகரவில்லை. "சீட்டு எங்கப்பா?" "சீட்டு இல்ல பாட்டி, போட்டாச்சு." "நான் எங்க போட்டேன்? அதுல்ல கத்துச்சு?" பதினெட்டு வருஷம் கழித்து, 2019-ல்தான் தேர்தல் ஆணையம் அவளுக்குப் பதில் சொன்னது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி சீட்டு தெரியும், கீழே விழும். பாட்டி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தேர்தல் நடத்துகிற எங்களுக்குத் தபால் ஓட்டு. நாட்டுக்கே சீட்டு மடிக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் உறுதிமொழிப் படிவத்தில் மேலொப்பம் வாங்காமல், உறையை மாற்றிப் போட்டு, தங்கள் ஓட்டைத் தாங்களே செல்லாததாக்கும் அழகை எண்ணிக்கை மேஜையில் பார்க்க வேண்டும். அரசு ஊழியர் சங்கக் கூட்டத்தில் ஆட்சியையே மாற்றுவோம் என்று முழங்கியவர்களின் உறைகள் பிரிக்கப்படாமலே ஓரம் கட்டப்படும்.

நாலு ஓட்டு போனால் என்ன என்று கேட்பவர்கள் 2016-ல் காட்டுமன்னார்கோயிலுக்கு வந்திருக்க வேண்டும். அ.தி.மு.க.வின் முருகுமாறன் 48,450. விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் திருமாவளவன் 48,363. வித்தியாசம் 87. கல்யாண வீட்டில் ஒரு பந்தியில் உட்காருகிறவர்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தத் தொகுதியில் யாரைப் பார்த்தாலும் அந்த 87 பேரில் தானும் ஒருவன் என்றார்கள். ஜெயித்த பக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் தங்களால்தான் வெற்றி என்றார்கள். தோற்ற பக்கத்தில், "எங்க தெருக்காரன் தூங்கிட்டான்யா, இல்லன்னா..." என்று ஆரம்பிக்காத ஆள் இல்லை.

திருமாவளவனின் ஏற்ற இறக்கமே தனிப் பாடம். 1999-ல் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் த.மா.கா.வின் சைக்கிள் சின்னம், தோல்வி. 2001-ல் இதே மாவட்டத்து மங்களூரில் உதயசூரியனில் நின்று எம்.எல்.ஏ. ஆனார், தி.மு.க.வோடு மனக்கசப்பு வந்ததும் 2004-ல் அந்தப் பதவியைத் தானே தூக்கிப் போட்டார். 2009-ல் நட்சத்திரத்தில் எம்.பி. 2019-ல் பானையில் 3,219 ஓட்டில் கரை சேர்ந்தார்; நள்ளிரவு வரை ஊர் தூங்கவில்லை. 2024-ல் அதே பானையில் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆளை மறந்தாலும் சின்னத்தை மறக்காதே என்பது கட்சிகளின் பாலபாடம். இவர் விஷயத்தில் ஜனங்கள் ஆளை ஞாபகம் வைத்துக்கொண்டு, தேர்தலுக்குத் தேர்தல் சின்னத்தைப் புதிதாகப் படித்தார்கள்.

சிதம்பரம் சட்டமன்றத் தொகுதியில் 1991-ல் கே.எஸ். அழகிரி கை சின்னத்தில் ஜெயித்தார், 1996-ல் சைக்கிளில் ஜெயித்தார். 2011-ல் மார்க்சிஸ்ட் கே. பாலகிருஷ்ணன். விவசாயிக்கும் கூலிக்காரனுக்கும் வழக்குக்கும் மறியலுக்கும் வருஷக்கணக்கில் ஓடிய மனிதர். அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தபோது தொகுதி அவரை ஏற்றுக்கொண்டது; 2016-ல் மக்கள் நலக் கூட்டணியில் நின்றபோது அதே தொகுதி வேறு பக்கம் பார்த்தது. இரண்டு தேர்தலிலும் ஆள் அவர்தான், சட்டை கூட அதே சட்டை.

வெளியூர்க்காரர்களுக்கும் எங்கள் மாவட்டம் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. 2006-ல் விஜயகாந்த் தமிழ்நாடு முழுக்க ஆள் நிறுத்தி, ஜெயித்தது ஒரே ஒரு இடத்தில், விருத்தாசலத்தில், தானே. பா.ம.க.வின் கோட்டை என்று சொல்லப்பட்ட இடம். 2016-ல் கடலூரில் சீமான் நின்றார்; பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டோடு ஐந்தாம் இடம். ஒரே மாவட்டம், ஒரே சினிமா மோகம். அவருக்கு ஏன், இவருக்கு ஏன் இல்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. விருத்தாசலத்துக்காரர்களிடமும் இல்லை, ஏனென்றால் 2011-ல் அவர் ரிஷிவந்தியத்துக்குப் போய்விட்டார்.

இவ்வளவு பேரையும் சொல்லிவிட்டு ஒருவரை விட்டால் பாவம். அகரம் சுப்பராயலு ரெட்டியார். கடலூரில் வக்கீல், தென்னார்க்காடு ஜில்லா போர்டு தலைவர். 1920-ல் இரட்டை ஆட்சியின் முதல் தேர்தல் நடந்து, காங்கிரஸ் புறக்கணித்து, நீதிக்கட்சி ஜெயித்தபோது, தியாகராயச் செட்டியார் தனக்கு வேண்டாம் என்று ஒதுங்க, டிசம்பர் 17-ல் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர் ஆனவர் இவர்தான். சொத்து உள்ளவனுக்கு மட்டும் ஓட்டு. அதிலும் நாலில் ஒரு பங்குக்காரர்தான் சாவடிக்கு வந்தார்கள். உடம்பு முடியாமல் 1921 ஜூலையில் பதவி விலகி, நவம்பரில் காலமானார். அந்த ஏழு மாதத்துக்குள்தான், 1921 ஏப்ரலில், பெண்களுக்கும் ஓட்டு என்று சென்னை சட்டசபை தீர்மானம் போட்டது. இந்தியாவின் மாகாணங்களில் முதலாவது. அஞ்சலையம்மாள் 1937-ல் நிற்க முடிந்ததற்கு அங்கேதான் முதல் கதவு திறந்தது. மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு முன்னால் நின்று இந்தப் பேரைக் கேட்டுப் பாருங்கள். பத்திரம் எழுதுகிறவரா, எந்தச் சேம்பர் என்பார்கள்.

போன வருஷம் ஒரு கட்சியின் ஐ.டி. அணிப் பையன் வீட்டுக்கு வந்தான். என் மாணவனின் மகன். மாவட்டத்துப் பெரியவர்கள் யாராவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள் சார், வாரம் ஒருத்தருக்குப் போஸ்டர் போடுகிறோம், மண்டபம் கேட்டு மனுவும் கொடுக்கலாம் என்றான். நான் ரெட்டியார் கதையை முழுவதும் சொன்னேன். செல்போனில் குறித்துக்கொண்டே வந்தவன் நிமிர்ந்தான்.

"சூப்பர் சார். முதல் முதலமைச்சரே நம்ம ஊரு! எந்தக் கட்சி சொன்னீங்க?"

"நீதிக்கட்சி."

"சரி சார்." தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பும் முன் ஒரு விநாடி யோசித்தான். "அவங்க இப்ப யார் கூட்டணியில சார் இருக்காங்க? நமக்கு ஒண்ணும் பிரச்சினை வராதே?"